பந்தலூர் தாலுகாவுக்கு லீவு

ஊட்டி காந்தலில் ஒரு மேட்டு வீட்டு மாடியறையில் இரண்டு வருஷம் நானும் அம்சவேணியும் ஒன்றாகத் தங்கிப் படித்தோம். எம்.எஸ்சி. புவியியல். அவள் உடம்புதான் ஊட்டியில் இருந்தது, புத்தி எந்நேரமும் மழை கொட்டும் சொந்த ஊர் தேவாலாவை விட்டு வரவே இல்லை. பளிச்சென்று வெயிலடிக்கும் நாளிலும் குடையும் கையுமாகக் காலேஜுக்கு இறங்குவாள். கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும்.

ஏப்ரலில் நடக்க வேண்டிய ப்ராஜெக்ட் வைவா ஜூலைக்குத் தள்ளிப்போனது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு. கோவையிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு. இந்த லட்சணத்தில் மகாராணி சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

திங்கள் காலை எட்டு மணியாகியும் ஆளைக் காணோம். பதினொரு தடவை அடித்த பிறகுதான் போன் கிடைத்தது.

"எங்கடி இருக்கறே?"

"வீட்டுலதான். இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது. இன்னைக்கு லீவு, உனக்குத் தெரியாதா?" தூக்கக் குரல்.

"ஆருக்குடி லீவு?"

"கூடலூர், பந்தலூர் தாலுகாவுக்கு. டிவியில சொன்னாங்க."

"நம்ம காலேஜு எந்தத் தாலுகாவுல இருக்குது?"

மறுமுனையில் போர்வையை உதறுகிற சத்தம் கேட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மழை லீவு என்றால் போர்வைக்குள் போய்ப் பழகியவள். இவளுடைய ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? நீலகிரியில் தாலுகா வாரியாக மழையளவு! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் அம்மா பாலாமணி அப்போது தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். எஸ்டேட் ஆட்களுக்கு ஏது மழை லீவு? மகளின் ப்ராஜெக்ட்டைப் பிளாஸ்டிக் படங்கில் சுற்றிக் கையில் திணித்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொன்று சொன்னார்களாம். ஊட்டி ரோட்டில் நடுவட்டத்தில் மரம் விழுந்துவிட்டது என்றார் ஒருவர். பஸ் கல்லட்டி வழியாகச் சுற்றிப் போகும் என்றார் இன்னொருவர். இன்று பஸ்ஸே கிடையாது என்று மூன்றாவது ஆள். இவள் ஏறினாள், இறங்கினாள், அழுதாள், கடைசியில் குடையைக்கூட மறந்துவிட்டு, முதலில் இறங்கின அந்த ஒழுகுகிற பஸ்ஸிலேயே ஓடிப் போய் ஏறினாள்.

இரண்டரைக்கு வைவா நடந்த அறைக்குள் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எக்ஸ்டர்னல் ஜன்னலைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"வெளிய நல்ல வெயிலடிக்குது. நீங்க ஏம்மா இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

"நான் பந்தலூர் தாலுகா சார்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள். அவர் ப்ராஜெக்ட்டைப் புரட்டினார். ஒரு பக்கம்கூட ஈரமில்லை.

"இது மட்டும் எப்படி நனையல?"

"மழையில கொழுந்து பறிக்கறப்போ அம்மா நனையாம இருக்க மேல கட்டுற படங்கு சார். அதுல சுத்தி..." பாதியில் நின்றாள். "ஐயோ, வீட்டுல இருக்கிறதே இந்த ஒண்ணுதான்!"

பாஸ் என்று சொன்னார்கள். அவள் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. வராந்தாவில் வெயிலில் நின்று அம்மாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். தேவாலாவுக்கு லைன் கிடைக்கவே இல்லை.