ஸ்டெல்லா அக்கா எண்ணி வைத்த மூன்று துண்டுக் கிழங்கு

திங்கட்கிழமை காலை கல்வராயன் மலையிலிருந்து ஆலைக்கு லாரி வந்து கிழங்கைக் கொட்டிவிட்டுப் போனதும் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஸ்டெல்லா அக்கா மட்டும் வரவில்லை. அதன் மகன் சேவியர் போன் செய்தான். “சித்தி, அம்மா எழுந்திரிக்கல.” மாத்திரை போட்ட அசதியாக இருக்கும், முகத்தில் தண்ணீர் தெளி என்றேன். “டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரு சித்தி” என்றான். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். பதினாலு பேரும் கத்தியைக் கீழே வைத்தோம்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குக் கோயிலில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள், நீயும் எழுது சித்தி என்று பிறகு சேவியர் கேட்டான். நான் அஞ்சாவதோடு நின்றவள். ஆனால் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு உரித்தவள். அக்கா இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதினால் அதற்குப் பிடிக்காது.

ஆலையில் எங்களுக்குப் பத்து மணிச் சாப்பாடு எப்போதும் குச்சிக்கிழங்குதான், மரவள்ளி என்பார்களே அதுதான். வேகவைக்கிற ரகமாகப் பார்த்துப் பொறுக்கி, தோல் சீவி, அண்டாவில் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவோம். மிளகாயும் உப்பும் தொட்டு வயிறு நிறையத் தின்போம். எனக்கும் அக்காவுக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா “அரிசிச் சோற்றைக் குறைங்க” என்றார்கள். நாங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். சோற்றை அடியோடு விட்டுவிட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரி கிழங்கு அடை. ஒரு பருக்கை தொடவில்லை. சர்க்கரையோ ஏறிக்கொண்டே போனது. மாத்திரையில் வீரியம் இல்லை என்று மாத்திரையைத் திட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் என் வலது கால் பெருவிரலில் கத்தி விழுந்தது. சின்னக் காயம்தான். ஒரு மாதமாகியும் ஆறவில்லை, ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். எங்களுடையது குந்தி உட்கார்ந்து, ஊன்றி எழுந்து செய்கிற வேலை. பெருவிரல் போனால் எதை ஊன்றுவது?

அக்காவிடம் மகன் வாங்கிக்கொடுத்த சர்க்கரை பார்க்கிற மிஷின் இருந்தது. ஒருநாள் கிழங்கு தின்பதற்கு முன்னாலும், தின்று இரண்டு மணி நேரம் கழித்தும் என் கையில் குத்திப் பார்த்தது. நம்பர் எகிறியிருந்தது. மறுநாள் தன் கையிலும் அதே மாதிரி குத்திப் பார்த்துவிட்டு, “ஏய் பச்சை, அரிசிய வூட்டவுட்டுத் தொரத்திட்டு, அதோட அண்ணனைக் கூட்டியாந்து நடுவூட்டுல உக்கார வச்சிக்கினு இருக்கோம்டி” என்றது. என் பெயர் பச்சையம்மா.

நான் நம்பவில்லை. “கிழங்கு மண்ணுல வெளையறது, அதுல இன்னா சர்க்கரை?”

“நெல்லு இன்னா, வானத்துலயா வெளையுது?”

“உன் மிஷின் ரிப்பேரு, அக்கா.”

அக்கா எழுந்துபோய் மேஸ்திரியின் கையைப் பிடித்து ஒரு குத்து குத்திவிட்டது. அவர் போட்ட கூச்சலில் லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. “மிஷின் நல்லாத்தான் கீது. ரிப்பேரு நீதான்” என்று என்னிடம் வந்து உட்கார்ந்தது.

புண்ணோடு காய்ச்சலும் வந்து நான் படுத்தபோது, நோயாளிக்கு லேசாக இருக்கட்டும் என்று மருமகள் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டாவது டம்ளர் குடிக்கும்போது அக்கா உள்ளே வந்தது. “அடிப்பாவி! உருண்டையா வந்தா உனக்கு அடையாளம் தெரியாதா? நீ உரிச்சி அனுப்புன கிழங்குதாண்டி இது, பாக்கெட்டுல திரும்பி வந்து கீது.” மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இனி கிழங்கையே தொடமாட்டேன் என்று அழுதேன். அக்கா சொன்னது: “எதுக்கு வுடணும்? பஞ்சத்துல நம்ம புள்ளைங்களக் காப்பாத்துனது அதுதான். வுடாத. எண்ணித் தின்னு.”

அதன்பிறகு என் தட்டு அக்கா கைக்குப் போய்விட்டது. மூன்று துண்டு எண்ணி வைக்கும். பக்கத்தில் முருங்கைக்கீரை, ஒரு கை பச்சைப்பயறு, கருவாட்டுக் குழம்பு. நாலாவது துண்டுக்குக் கை நீண்டால் கத்திப் பிடியால் ஒரு தட்டு. ஒருநாள் ஒரு துண்டை இடுப்புச் சேலையில் ஒளித்தேன். சூடு தாங்காமல் நானே கத்திவிட்டேன். “திருடத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்குடி திருட்டு?” என்று கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில் மூக்கில் புரையேறிவிட்டது.

டாக்டரம்மாவிடம் கிழங்குச் சங்கதியை ஒளிக்காமல் சொன்னதும் அக்காதான். அவர்கள் மாத்திரையை மாற்றினார்கள், ஊசியும் போட்டார்கள். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் அக்கா கூடவே பஸ் ஏறும். மூன்றாம் மாதம் “விரலை எடுக்க வேண்டாம்” என்றார்கள். அன்றைக்கு ஆலையில் எல்லாருக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல். மேஸ்திரி லட்டு கேட்டார். “கையைக் குடு, குத்திப் பார்த்துட்டுத் தரேன்” என்றது அக்கா. அவர் வாயை மூடிக்கொண்டு சுண்டலைத் தின்றார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை. “இன்னாம்மா, செருப்போட வர்ற?” என்று ஒரு அம்மா முறைத்தார்கள். “வெறுங்காலோட ஒரு அடி வச்சாலும் வெரலை நானே வெட்டிடுவேன்” என்று என்னை மிரட்டி வைத்திருந்த மனுஷி பெட்டிக்குள் படுத்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? குழி ஓரமாகக் குந்தி ஒரு பிடி மண் போட்டேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பெருவிரல்தான். அதை ஊன்றித்தான் எழுந்தேன்.