குமராட்சியில் பன்றி இல்லையாம்

சிந்துஜாவுக்கு மழுப்பிப் பேசத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ‘அப்பாவுக்கு என்ன வேலை’ என்று கேட்டபோது, எழுந்து நின்று ‘பன்னி வளக்கறாரு’ என்று கணீரென்று சொன்னவள். சிரித்த பையனின் முதுகில் அன்றைக்கு ஒன்று விழுந்தது. அதற்கப்புறம் அந்த வகுப்பில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெட்கமெல்லாம் அவள் அப்பா சார்லஸுக்குத்தான். குமராட்சிப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த மனிதர் அவர். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வயலெல்லாம் முழுகிப்போன ஒரு வருஷம், வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், இரண்டு வெள்ளைப் பன்றிக் குட்டிகளை வாங்கி வந்தார். ஊரைவிட்டுத் தள்ளி, வாய்க்கால் ஓரம் ஒரு கொட்டாய் போட்டார். தீனிக்குச் சிதம்பரத்து ஓட்டல்களைப் பிடித்தார். கோயில் பார்க்க வந்தவர்கள் இலையில் மிச்சம் வைத்த பொங்கலும் சாம்பாரும் நீலப் பீப்பாய்களில் ஏறி, அவருடைய குட்டியானை வண்டியில் வந்து சேரும். அவ்வளவு ருசியாகத் தின்று வளர்ந்த பன்றிகள் கடலூர் மாவட்டத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

அந்தப் பன்றிகள்தான் சிந்துஜாவைக் கடலூரில் கல்லூரிக்கு அனுப்பின. பிறகு கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் படிப்பையும் படித்து முடித்து, இப்போது சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கும் சின்ன ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

உலகத்தில் மாடு எங்கே இருக்கிறது, ஆடு எங்கே, பன்றி எங்கே, கோழி எங்கே என்று காட்டும் வரைபடத்தைப் போடுகிற ஆபீஸ் அது. பூமியையே கட்டம் கட்டமாக நறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு நாடும் எடுத்த கால்நடைக் கணக்கை வாங்கி, மழை, வயல், ஊர் எல்லாவற்றையும் பார்த்து, எந்தக் கட்டத்தில் எத்தனை உருப்படி என்று கம்ப்யூட்டர் ஓர் எண்ணைப் போடும். ஜாஸ்தி இருந்தால் அடர்ந்த நிறம். ஒன்றும் இல்லையென்றால் வெள்ளை. எந்த நோய் எந்தப் பக்கம் தாவும், தடுப்பூசி எங்கே போகவேண்டும் என்று யோசிக்கிறவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் யோசிப்பார்கள். கம்ப்யூட்டர் எங்கேயாவது உளறியிருந்தால் கண்டுபிடிப்பது சிந்துஜாவின் வேலை. மங்கோலியாவில் செம்மறியாடு எந்தப் பக்கம் மேய்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஒரு வியாழக்கிழமை அவளுடைய சொந்த ஊர்க் கட்டம் திரையில் வந்தது. பன்றி: பூஜ்யம். தும்பைப் பூவாட்டம் வெள்ளையாக இருந்தது. முதலில் சிரித்தாள். பிறகு ஆத்திரம் வந்தது.

ஆபீசை நடத்துகிறவர் வித்யாலட்சுமி. கீழ வீதிக் குடும்பம். வீட்டுக்குள் பூண்டு நுழையாது. ஆனால் டென்மார்க் பன்றிகளைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். பொறுமை மட்டும் கொஞ்சமும் கிடையாது.

“மேடம், இந்தக் கட்டம் தப்பு. இங்க பன்னி இருக்கு” என்றாள் சிந்துஜா.

“யார் வளக்கறா?”

“எங்கப்பாதான்.”

வித்யாலட்சுமி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். “அப்போ கணக்கெடுப்புல ஏன் வரலை? சரி, உன் ஊரை நீயே திருத்தக் கூடாது, ரூல் தெரியுமோல்லியோ? நான் போன் பண்ணி உங்கப்பாகிட்டயே கேக்கறேன். திங்கட்கிழமை எல்லாத்தையும் அனுப்பியாகணும்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொல்லிவிட்டு சிந்துஜா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ப்பா, மாடு ஆடு கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட என்னா சொன்ன?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன்” என்றார் சார்லஸ், பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட முகத்தோடு. “எழுதிட்டா அது எங்க எங்கயோ போவும். நாளைக்கு ஒன்ன ஒரு எடத்துல குடுக்கணும் பாப்பா. பன்னிக்காரன் பொண்ணுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது.”

அந்த இடமும் தயாராகத்தான் இருந்தது. அண்ணாகிராமத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சித்தார்த்துக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. பேசி முடித்தது சிந்துஜாவின் தாய்மாமன் பக்கிரி. பெண்ணின் அப்பா கோழிப் பண்ணை வைத்திருக்கிறார் என்று அவர் வாய் கூசாமல் சொல்லிவைத்திருந்தார்.

“மேடம் கேட்டா கோழின்னே சொல்லிடறேன். ஒரு வார்த்தைதான?” என்றார் சார்லஸ்.

சிந்துஜா அழுகிற ரகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அழுதாள். “ஒலகத்துல எவன் எவனோ வளக்கறத நான் ஒக்காந்து எழுதறேன். நீ வளத்தத மட்டும் நான் இல்லன்னு அனுப்பணுமாப்பா? கல்யாணம் நின்னா நிக்கட்டும். அத மட்டும் என்ன செய்ய வெக்காத.”

சார்லஸ் பீப்பாய் கழுவப் போய்விட்டார். வெள்ளியும் சனியும் அப்பாவும் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்டு அம்மா மங்கலம்தான் வீட்டுக்கும் கொட்டாய்க்கும் அல்லாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பியதும் அவர்கள் வந்துவிட்டார்கள். சித்தார்த், அவன் அம்மா ரத்தினம்மாள், கூட நாலைந்து பேர், ஒரு முழுப் பலாப்பழம். பையன் நல்லவனாகத்தான் தெரிந்தான். சிந்துஜாவின் வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்டான். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பந்தியில் கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த கோழியைப் பரிமாறிக்கொண்டே, “சாப்புடுங்க, எல்லாம் நம்ம பண்ணைக் கோழிதான்” என்றார் பக்கிரி. “அதான பாத்தேன், ருசியே வேற” என்று ரத்தினம்மாள் இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார்.

அப்போது சார்லஸின் போன் அடித்தது. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வித்யாலட்சுமியால் முடியவில்லை. சார்லஸுக்குப் போனைக் காதில் வைக்கும் பழக்கமே கிடையாது. எந்நேரமும் கை தீனித் தொட்டியில் இருக்கிற மனிதர் எப்படி வைப்பார்? இப்போதும் பழக்கத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

“சார்லஸ் சாரா? கால்நடை வரைபடத்துக்காகப் பேசறேன். ரெண்டே நிமிஷம். ஒவ்வொண்ணா கேக்கறேன், எத்தனைன்னு சொல்லுங்கோ. மாடு?”

“இல்லைங்க.”

“எருமை?”

“இல்லைங்க.”

“ஆடு?”

“இல்லைங்க.”

“பன்றி?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பக்கிரி கண்ணாலேயே கெஞ்சினார். போனைப் பிடுங்கி அணைத்துவிட மங்கலம் கையை நீட்டினாள். சிந்துஜா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவரை வற்புறுத்தின மாதிரி ஆகிவிடும் என்று தரையையே பார்த்தாள்.

“நாப்பது இருக்குங்க” என்றார் சார்லஸ். “எல்லாம் வெள்ளப் பன்னி.”

“ரொம்ப நல்லது. கோழி?”

“ஒண்ணுகூடக் கெடையாதுங்க.”

ரத்தினம்மாள் தன் இலையைப் பார்த்தார். பிறகு பக்கிரியைப் பார்த்தார். சார்லஸ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மச்சான் மேல தப்பில்லைங்க. நான்தான் மறைக்கச் சொன்னேன். என் பொண்ணப் படிக்க வெச்சது, இந்த வீட்டக் கட்டுனது எல்லாம் அந்தப் பன்னிங்கதான். அதுங்கள இல்லன்னு சொல்லிட்டு எம்பொண்ணு மூஞ்சில நான் முழிக்க முடியாது. இஷ்டம் இருந்தா பேசலாம், இல்லன்னா சாப்புட்டாவது போங்க.”

அதற்குமேல் அவர்கள் சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டு, ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள். சித்தார்த் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அம்மா கூப்பிட்டதும் போய் வண்டியில் ஏறிக்கொண்டான். சிந்துஜாவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வீட்டில் இனி எதையும் மூடிவைக்க வேண்டாம் என்று நினைத்தபோது, அந்த வருத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. மங்கலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு” என்று புலம்பினாள்.

“சும்மா இரு, கணக்குல ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்று சார்லஸ் அவளை அதட்டிவிட்டு, போனை எடுத்து, சற்றுமுன் அழைப்பு வந்த நம்பருக்குத் தாமே அடித்தார். இந்த முறையும் ஸ்பீக்கரில்தான். தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

“மேடம், சிந்துஜா அப்பா பேசறேன். நாப்பதுன்னு போட்டுட்டீங்களா? இன்னிக்கு விடியக்காலம் ஒண்ணு குட்டி போட்டுச்சு, பதினோரு குட்டி. அதையும் சேத்துக்குங்க.”