சுவருக்குப் போட்ட மேலங்கி

கஸ்பர் அண்ணை ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் அந்த அறை இருட்டாகிவிடும். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கிங்ஸ்பரியில் தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் தேநீரும் முடிந்த பிறகு, நாங்கள் சில பெண்கள் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நிற்போம். வெளியே சுவிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கிட்ட வரும். கடைசிச் சத்தத்தோடு குசினியும் இருண்டுவிடும்.

"கஸ்பர் அண்ணை, நாங்கள் உள்ளுக்கை நிக்கிறம்!"

"நிக்கிறதுக்கு என்னத்துக்கு லைற்?" என்பார். பிறகு சிரித்துக்கொண்டு போட்டுவிடுவார். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான்.

மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் அவர் வெம்பிளியில் ஒரே அறையில் நாலைந்து பொடியளோடு இருந்தவர். முன்கூட்டியே காசு போட்டால்தான் கரண்ட் வரும் மீற்றர் அது. அதன் சாவியை இவரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். எவனாவது குளிக்க நேரமெடுத்தால் கதவில் தட்டுவாராம். "ஐசே, நீ குளிக்கிறியோ, அவியிறியோ?" சாவி எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. தட்டுகிற கை மட்டும் அவரிடம் அப்படியே இருந்தது.

கட்டையான, உருண்ட மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட சேட்டு. கனகாலம் பெற்றோல் ஸ்ரேசனில் நின்று வேலை செய்து முழங்கால் கெட்டுப்போனது. அதன்பின் ஒரு கம்பனி அவரை வீடு வீடாகப் போகிற வேலைக்கு எடுத்தது. முழங்கால் ஏலாத மனுசன் எப்படி நடப்பது என்று கேட்டால், "நிண்டாத்தான் நோகும், நடந்தா நோகாது. கர்த்தர் எனக்கெண்டே செய்த வேலை" என்பார்.

பழைய வீடுகளில் சூடு நிற்கவேண்டும், காஸ் எரிப்பது குறையவேண்டும் என்று அரசாங்கம் கொண்டுவந்த திட்டத்து வேலை அது. வயதானவர்களுக்கும் பெனிபிட் என்ற அரசாங்க உதவிப்பணம் எடுப்பவர்களுக்கும் வெளிச்சுவர் முழுக்கத் தடித்த பலகை ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சுப் பூசி, இலவசமாகச் செய்து கொடுப்பார்கள். கஸ்பர் அண்ணை கழுத்தில் கம்பனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்த முதல் ஞாயிறு எனக்கு நினைவிருக்கிறது. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "பூமி சூடாகுது, எங்கட வீடு குளிருது. ரெண்டுக்கும் ஒரே மருந்து. சும்மா தாறாங்கள். ஏன் விடுவான்?"

அவர் அதை மனதார நம்பினார். கோயில் பங்கிலிருந்து கடற்கரைக்குப் பஸ்ஸில் போனபோது எல்லாரும் தண்ணீரில் கால் நனைத்தார்கள். இவர் கரையில் நின்று தூரத்தில் கடலுக்குள் சுழல்கிற காற்றாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தா சுத்துதே, அதுதான் எங்கட கேத்தில் தண்ணியைக் கொதிக்கவைக்கிறது" என்று சின்னப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். தன்னுடைய சொந்தக் காற்றாடிகளைக் காட்டுவதுபோல இருந்தது.

கம்பனியை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கஸ்பர் அண்ணையைத் தெரியும். அது போதுமாக இருந்தது. அவர் காட்டின இடத்தில் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். எங்கள் தெருவில் மறுத்தவர் சபாரத்தினம் ஐயா ஒருவர்தான். தன் வீட்டுச் செங்கல்லில் அவருக்கு ஒரு பெருமை. "என்ர வீட்டுக்கு மேலங்கி போட வாறியோ? போட்டால் உள்ளுக்கை வேர்க்குமடாப்பா" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். தெரு சிரித்தது. கஸ்பர் அண்ணையும் சிரித்தார்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு றோஸ்மலர் அக்காவுடையது. புருசன் அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். மகள் ஜெனோஜா கலியாணம் முடித்துக் குட்மேய்ஸ் போய்விட்டாள். அக்கா தனிய. பலகை ஒட்டிய முதல் மாரியில் வீடு கதகதப்பாக இருந்தது. "தம்பிக்குப் புண்ணியம்" என்று அக்கா மண்டபத்தில் எல்லாருக்கும் சொன்னார். அவர் இருமத் தொடங்கியது அடுத்த மாரியில்.

கூரையோரத்தைக் கம்பனிக்காரர் சரியாக அடைக்கவில்லை. மழைத் தண்ணீர் பலகைக்குப் பின்னால் இறங்கிச் சுவரிலேயே தங்கியிருந்தது. வீட்டுக்குள் இருக்கிற ஈரம் வெளியே போவதற்கு வைக்கவேண்டிய காற்றுவழியையும் வைக்கவில்லை. உள்ளே சுவர் வேர்த்தது. வேர்த்த இடத்தில் பூஞ்சணம் கறுத்தது. இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கஸ்பர் அண்ணைக்கு எல்லாருக்கும் பிறகுதான் தெரிந்தது. ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. நல்லதென்று நினைத்துச் செய்த மனிதரின் முகத்தைப் பார்த்து நீங்கள் செய்வித்த சுவர் பழுதாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவர் வருகிறார் என்றால் ஒரு வீட்டில் அலுமாரியை இழுத்து அந்த இடத்தை மறைத்தார்கள். இன்னொரு வீட்டில் பூப்போட்ட தாள் ஒட்டினார்கள். வேறொருத்தி பெரிய கலண்டர் தொங்கவிட்டாள். அவருக்குத் தேத்தண்ணியும் பற்றிசும் கொடுத்து, "நல்ல சூடு அண்ணை" என்று சொல்லி அனுப்பினார்கள். கம்பனி உயிரோடு இருந்த காலம் இப்படியே கழிந்தது.

ஐப்பசியில் மடு மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஓரிரவு தங்கும். தூக்கிப் போவது கஸ்பர் அண்ணைதான். வேறு ஒருவரையும் தொடவிடமாட்டார். றோஸ்மலர் அக்கா வீட்டில் முன்னறைச் சுவரோடு மேசை போட்டு, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, பூ குத்தி, மாதாவை வைத்திருந்தார்கள். காலையில் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு நானும் போயிருந்தேன். சொரூபத்தை எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டுக் கஸ்பர் அண்ணை துணியைக் கழற்றப் போனார்.

"விடு தம்பி, நான் மடிக்கிறன்" என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

"நீங்கள் இருங்கோ அக்கா." அவர் ஊசிகளைக் கழற்றினார். துணி விழுந்தது. அதன் பின்பக்கம் ஈரமாக, கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. சுவர் நிலத்திலிருந்து நெஞ்சுயரம்வரை கறுத்திருந்தது.

கஸ்பர் அண்ணை சுவரில் விரலை வைத்துப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம்?"

"போன மாரிக்கே தம்பி."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ நல்லதெண்டு நினைச்சுத்தானே செய்தனீ. உனக்கு மனம் நொந்து போகுமே."

அவர் துணியை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனபின்னும் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அன்றைக்கே மற்ற வீடுகளின் கதவையும் தட்டினார். "அண்ணை வாங்கோ, முதல் தேத்தண்ணி குடியுங்கோ" என்றவர்களிடம், "முதல் சுவரைக் காட்டுங்கோ" என்றார். அலுமாரிகளைத் தானே தள்ளிப் பார்த்தார். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தால் மணி அடிக்கவேயில்லை. இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கே மெத்தை விற்கிறார்கள். பிழையாகச் செய்த வேலைகளை வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் திருத்திக் கொடுக்கவேண்டும் என்று அரசாங்கம் இப்போது சொல்கிறது. கஸ்பர் அண்ணை அலைந்து திரிந்து ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லாப் பலகையும் கழற்றவேண்டும், இப்படி நாடு முழுக்க வீடுகள் இருக்கின்றன, முறை வரும்வரை பொறுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருவராவது அவரை ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் ஏசவில்லை. "நீங்கள் என்ன செய்வியள் அண்ணை" என்றுதான் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலை இன்னும் குனிந்தது. அதனால்தானோ என்னவோ, பின்னேரங்களில் சபாரத்தினம் ஐயா வீட்டுக்குப் போகத் தொடங்கினார். மதிலடியில் நின்று ஐயா கொடுக்கும் ஏச்சு தெருவுக்கே கேட்கும்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கேட்டியோ? ஊரெல்லாம் மேலங்கி போட்டு ஊரெல்லாம் வேர்க்கவைச்சிட்டாய்! அட்டையைத் தொங்கவிட்டவுடனை பெரிய கவர்ன்மென்ற் எண்ட நினைப்பு!"

"ஓம் ஐயா."

"என்ன ஓம்? வெக்கமாயில்லையோ?"

"வெக்கமாய்த்தான் கிடக்கு ஐயா."

அந்த ஒரு வீட்டிலிருந்து திரும்பும்போது மட்டும் அவர் நடை கொஞ்சம் இலேசாக இருக்கும்.

மார்கழியில் றோஸ்மலர் அக்காவுக்கு மூச்சு இரைத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் இனிப் படுக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னார். அக்கா கேட்காமல் வீட்டுக்கே திரும்பி வந்தார். புருசன் செத்த அறையை விட்டு வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெனோஜா கடைசியில் கஸ்பர் அண்ணைக்குத்தான் போன் எடுத்தாள்.

"அங்கிள், அம்மா உங்கட சொல்லைத்தான் கேப்பா. பிளீஸ்."

அவர் வந்து அக்காவின் கட்டிலடியில் இருந்தார். வழக்கமாக உரத்துப் பேசுகிறவர், அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, நான் சொன்ன ஒண்டைக் கேட்டுத்தான் இப்பிடி வந்தது. இன்னும் ஒண்டே ஒண்டு சொல்லுறன். மகளோட போங்கோ."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னால் போறன் தம்பி" என்று எழும்பிவிட்டார். கஸ்பர் அண்ணை அதைத் தாங்கமாட்டாமல் வெளியே போய்க் காரடியில் நின்றார்.

பலகை கழற்றுகிற முறை இன்னும் வரவில்லை. றோஸ்மலர் அக்கா குட்மேய்ஸில் இருக்கிறார். இரைப்புக் குறையவில்லை. இது மாசி மாதம். கார்க் கண்ணாடிகளில் பனி உறைந்து கிடக்கிற காலைகளில் கஸ்பர் அண்ணை எதிரே ஆளில்லாத அக்கா வீட்டுக்கு வருகிறார். ஹீற்றிங்கைக் கூட்டிவைக்கிறார். பிறகு கீழ் யன்னல், மேல் யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டு, சுவர் காயட்டும் என்று வாசலில் நிற்கிறார். சூடெல்லாம் தெருவுக்குப் போகிறது.