ஊசி முனையும் ஸ்பேனரும்

அந்த அலமாரியை நினைத்தாலே இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் ஸ்பேனரையும் சுத்தியலையும் இடுப்புப் பட்டையோடு கட்டிக்கொள்வதற்கென்று கொக்கி வைத்த கயிறுகள் அந்த அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் மட்டும் வெளியே வரும். போட்டோ எடுத்ததும் மறுபடி பாலித்தீன் உறைக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதி ஒட்டிய விதி நடக்கும் என்று நம்பித்தான் வேலையில் சேர்ந்தேன்.

மழைக்கு முன்னால் கூரை ஷீட் மாற்றும் வேலை தொடங்கியது. கான்ட்ராக்ட் பிட்டர்கள் இருவர் முப்பதடி உயரத்தில், இரும்புச் சட்டத்தின் மேல். நேர் கீழே ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்கள் நாற்பது பேர். மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் ஆள் சாகும், அவர்களை வேறு பக்கம் உட்காரவைக்கலாம் என்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொன்னேன்.

"ஷிப்மென்ட் இருக்குதுப்பா. லைன் நிக்கக் கூடாது."

கயிறாவது கொடுங்கள் என்றேன்.

"புதுசா இருக்கட்டும். ஆடிட்ல அழுக்குக் கயிறக் காட்டுவியா?"

பிட்டர்களில் மூத்தவர் ஸ்பேனரைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டுதான் ஏறினார். "இருவது வருசமா இப்டித்தான் ஏர்றேன். நீ இன்னா சார் பேஜார் பண்ற. எதுனா வுழுந்தா 'தலை'ன்னு கத்துவோம், நவுந்துப்பாங்க."

மெஷின் இரைச்சலில் பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் பேசுவதே அங்கே கேட்காது.

மூன்றாம் நாள் ஸ்பேனர் விழுந்தது. யாராவது கத்தினார்களா, தெரியாது. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு அக்காவின் மெஷின் மேல், அவர் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து, ஊசியை ஒடித்துவிட்டுத் தரையில் உருண்டது. அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஊசி முனை எங்க?" என்று கேட்டார்.

ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்க வேண்டும், நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் லைன் ஓடும். முனை ஷூவுக்குள் தங்கி, வாங்கியவர் காலில் குத்திவிடக் கூடாது. சரியான விதிதான். ஆனால் அன்று அந்த முனைக்காக, மூன்று நாளாக எனக்காக நிற்காத நாற்பது மெஷினும் நின்றன. மேனேஜர் கையில் காந்தத்தோடு மண்டியிட்டுத் தவழ்ந்தார். "நீயும் தேடும்மா, உன் மெஷின்தானே," என்றார் சூப்பர்வைசர். அக்காவும் குனிந்து தேடினார். மேலே வேலை நிற்கவில்லை. தேடுகிறவர்களின் முதுகில் துரு உதிர்ந்துகொண்டிருந்தது.

ஸ்பேனரை நான் எடுத்தேன். அதன் வாயில் இருந்த கிரீஸில் முனை ஒட்டியிருந்தது. எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அக்கா மட்டும் அதைப் பார்த்துவிட்டார்.

மேனேஜரிடம் போனேன். "சார், மேலேர்ந்து இன்னொண்ணு வுழுந்து இன்னொரு ஊசி ஒடிஞ்சா, எந்தத் துண்டு எதோடதுன்னே தெரியாது. மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

ஆள் சாகும் என்று சொன்னபோது ஏறாத காதில் இது ஏறியது. அண்ணாந்து, "யோவ், எறங்குங்கய்யா," என்று கத்தினார். அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"ஊசிக்குப் பயந்துகினு கயிறா?" என்று மூத்த பிட்டர் சிரித்தார். ஆனாலும் கட்டினார். ஸ்பேனர், சுத்தியல், டிரில் என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அவர்களுக்குக் கீழே தார்ப்பாயும் கட்டவைத்தேன். எல்லாம் முடிய அரைமணி நேரம் ஆனது. அவர்கள் மறுபடி ஏறிய பிறகுதான் தரையில் குனிந்து, முனை கிடைத்துவிட்டது என்றேன்.

"படிச்ச புள்ள. கண்ணு கூர்மை," என்று மேனேஜர் தோளைத் தட்டினார். தோளைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நின்ற நேரத்தைப் பெண்களிடம்தான் வசூலித்தார்கள். காலை டீயும் மாலை டீயும் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. மாலை பஸ் ஏறும்போது அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"கைக்குள்ளயே வெச்சிகினு எம்மாநேரம் நின்ன, தம்பி."

"கயிறு கட்டணும்னுதான் அக்கா."

"தெரியும். அதான் வாயத் தொறக்கல." படியில் கால் வைத்தவர் திரும்பினார். "கர்ப்பமா இருக்கிற பொண்ணு ஒண்ணு எங்க லைன்ல கீது. பசியில மயங்கிட்டா. அதயும் பாத்துக்கோ."

கூரை வேலை இன்னும் நான்கு நாள் நடந்தது. கடைசி நாள் மூத்தவரின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. பெண்களின் தலைக்கு மேலே, தார்ப்பாயை எட்டாமல், கயிற்றின் முனையில் கொஞ்ச நேரம் ஆடியது. அவர் அதை இழுத்துக்கொண்டு நட்டை முறுக்கத் தொடங்கினார். கீழே யாரும் நிமிரவில்லை.