கையை எடுக்க முடியாத மத்தியானம்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே காட்டுக்குள் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில் நடந்தது இது. ஆடிக்காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் வாசல் கூட்டி முடிப்பதற்குள் கூட்டிய இடத்தில் மறுபடியும் மண் வந்து கிடக்கும். பேசினால் பாதிப் பேச்சைக் காற்றே கொண்டுபோய்விடும். எங்கள் வீட்டில் அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. அந்த வருடம் நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதே அபூர்வமாக இருந்தது.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், பங்குனியில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு ஆனியில் வெறும் கையோடு திரும்பி வந்திருந்தேன். பிரசவத்தில் எனக்கு நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, கொஞ்ச நேரம்தான் இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர்தான் கையில் வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தாராம். நான் பார்க்கவில்லை. அம்மாவைக் கேட்டால், துணி சுற்றி எடுத்துப்போனதைத்தான் அவளும் பார்த்தாளாம். "அதெல்லாங் கேக்கக் கூடாது சாமி, மறந்துரு" என்றாள். முகமே தெரியாத பிள்ளையை நான் எப்படி மறப்பது?

அதைப் பார்த்த ஆள் என்று எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரோ, நான் பேச்சை எடுத்தாலே "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்துவிடுவார். நான் கேட்ட அத்தனை தடவையும் எங்கள் மாடு தண்ணீர் குடித்திருந்தால் கிணறு வற்றியிருக்கும். அம்மா வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் மக்கர் செய்தது. ராணுவ ஏலத்தில் வாங்கிய பழைய ஜீப் அது. எனக்கு முன்பே அந்த வீட்டுக்குக் குடிவந்ததால் கொஞ்சம் மாமியார் மிடுக்கோடு நிற்கும். எரு வண்டி இழுக்கும், ஓடை மணலில் இறங்கி ஏறும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியரைப் போட்டால் மட்டும், கொஞ்ச தூரத்தில் அது தானாகக் கழன்றுகொண்டது. கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குள் பல் தேய்ந்துவிட்டதாம். ஒர்க் ஷாப்பில் விட்டால் லாரிகளுக்குத்தான் முதல் மரியாதை, ஜீப் மாதக்கணக்கில் வெயில் காயும். அவரே பெட்டியைக் கழற்றிவிட்டார். சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து சாமான் வாங்கி வந்தார். வெளியே வைத்துப் பிரித்தால் ஆடி மண் உள்ளே போய் பேரிங்கைத் தின்றுவிடும் என்று, வீட்டின் உள் அறைக்கே தூக்கி வந்துவிட்டார்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் பார்த்தது போலவே இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அடுத்த அறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் ஒரு கட்டமாகத் தரையில் விழும். அதற்குள் தூசி மெதுவாக ஏறி இறங்கும். வெளியே தென்னை மட்டைகள் ஓயாமல் இரையும். காற்றின் சத்தத்தில் வீடே எங்கோ மிதந்து போவது மாதிரி தோன்றும். சீமெண்ணெயும் கிரீஸும் கலந்த வாசனை கதவிடுக்கில் வரும். வெறுக்க வேண்டிய வாசனைதான். எனக்கென்னவோ அது பிடித்திருந்தது. அந்த வீட்டில் ஏதோ ஒன்று சரியாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிற வாசனையாக இருந்தது.

அரைத் தூக்கத்தில் ஒரு சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வரும். 'ணங்'. பிறகு அவர் பெருமூச்சு. கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் 'ணங்'. பெட்டிக்குள் ஒரு பெரிய பல்சக்கரத்தை நிறுத்தி, அதன் இரண்டு பக்கமும் வாஷர் என்கிற வளையத் தகடு வைத்து, நடுவில் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டைத் தட்டி ஏற்ற வேண்டுமாம். இரண்டு கை மட்டும் உள்ள மனிதனுக்கு ஆகிற வேலை இல்லை அது. சக்கரத்தைப் பிடித்தால் வாஷர் நழுவும், வாஷரைப் பிடித்தால் சுத்தியலுக்குக் கை இருக்காது. நாள்கணக்கில் அந்த வாஷர் விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் பிடி என்று என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அழுத்தக்காரர். நானும் போகவில்லை. அழுத்தத்தில் நான் ஒன்றும் அவருக்கு இளைத்தவள் இல்லை.

அன்று மத்தியானம் வேறு சத்தம் கேட்டது. விட்டம் கிறீச்சென்றது. கயிறு முறுக்கிக்கொள்கிற சத்தம். எங்கோ கேட்ட, ரொம்பப் பழகிய சத்தம். கனவில் நடப்பவள் மாதிரி எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன்.

உள் அறை விட்டத்தில், தொட்டில் கட்டுகிற கொக்கியில், வெள்ளை வேட்டி ஒன்று தூளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கனமாக, உருண்டையாக என்னவோ இருந்தது. மெல்ல ஆடியது. என் மார்பு ஒரு கணம் கனத்துச் சுரந்தது போல இருந்தது. பிறகுதான் வேட்டிக்குக் கீழே இரும்பு தெரிந்தது. அடிமூடியைக் கழற்றிய அந்தப் பெட்டிக்குள் கையை விட்டபடி அவர் குந்தியிருந்தார்.

மாதக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "தொட்டில் கட்டற கொக்கியிலயா இரும்பத் தொங்க உட்டிருக்கீங்க? மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். கொக்கியை அண்ணாந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பெட்டியைத் தரையில் வைத்தால் அடியில் கை போகவில்லை. உயரத்தில் ஒரு கொக்கி இருந்தது, கட்டிவிட்டார். அதற்கு மேல் யோசிக்கவில்லை மனிதர். முகம் வெளிறிப்போய்விட்டது.

"தப்புத்தான் அம்மிணி. எறக்கிப்போடறேன். ஆனா இப்பத்தான் எல்லாம் நேரா நிக்குது, கைய எடுத்தா மறுக்கா உழுந்துரும்" என்றார்.

அந்த நேரத்திலும் வாஷர்! எரிச்சலோடு திரும்பினேன். உள்ளே அது நழுவத் தொடங்குகிற மெல்லிய உரசல் கேட்டது. அத்தனை நாள் அந்த 'ணங்'கைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தேனோ என்னவோ, என்னை அறியாமல் உட்கார்ந்து கையைப் பெட்டிக்குள் விட்டேன். என் கை சின்னது, சுலபமாகப் போயிற்று. கிரீஸில் வழுக்கிய வாஷரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் தொங்கிய வேட்டி மறைத்ததில் முகம் தெரியவில்லை.

அவர் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார். தட்டத் தட்ட ஷாஃப்ட் மயிரிழை மயிரிழையாக ஏறியது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்த மனிதர் இப்போது எழுந்து போக முடியாது.

"மாமா, பாப்பா எப்படிங்க இருந்துச்சு?"

சுத்தியல் நின்றது. "ஆவாத பேச்செல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி?"

"சொல்லாட்டி நா கைய எடுத்துருவேனுங்க."

நிஜமாகவே எடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காற்று ஓட்டின் மேல் இரைந்துகொண்டே இருந்தது. அதனூடே அவர் குரல், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போலத் தணிந்து வந்தது.

"முடி நெறைய. கழுத்து வரைக்கும் ஈரமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு." ஒரு தட்டு. "காது மடல் மேல மடிஞ்சிருந்துச்சு, எங்கம்மாளுக்கு இருந்த மாதிரி." இன்னொரு தட்டு. "மூக்கு உன்றதுதான். அதே சப்பை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே கண்ணீரும் வந்தது. துடைக்க முடியாது, கை உள்ளே இருக்கிறது.

"உசுரோடதான் அம்மிணி என்ற கையில குடுத்தாங்க. நிக்காதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சூடா இருந்துச்சு சாமி. ஒருக்கா கொட்டாவி உட்டுச்சு. வாயி இத்தினியூண்டு. தூக்கம் வருதாட்ட இருக்குதுன்னு மடியில போட்டுக்கிட்டு ஆட்டுனேன். அப்படியே தூங்கிப்போச்சு. இத உங்கிட்ட எந்த வாயில சொல்லுவேன்?"

வேட்டிக்கு அந்தப் பக்கம் அவர் குலுங்குவது பெட்டியின் வழியாக என் விரலுக்குத் தெரிந்தது. நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அந்த அறைக் கூரையிலும் இருந்த கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் தரையில் இருந்து சுவருக்கு ஏறும் வரை அப்படியே உட்கார்ந்து, அவள் புருவம், நகம், நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறவர்களைப் போல இரண்டு பேரும் லேசாக ஆடிக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். ஷாஃப்ட் கடைசியில் உள்ளே போய் உட்கார்ந்தபோது இரண்டு பேருக்குமே கை மரத்துப்போயிருந்தது.

ஜீப் அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. கியர் கழலவே இல்லை. நான் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை. நான்கு மாதமாக எதை நினைத்து அழுவது என்று தெரியாமல் கிடந்தவள், அன்று ராத்திரி என் பிள்ளையின் மூக்கை நினைத்து அழுதேன், காதை நினைத்து அழுதேன், அவர் பக்கத்திலேயே படுத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவரவர் குடும்பமாகிவிட்டார்கள். அவரும் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவரைப் பற்றி எவ்வளவோ சொன்னார்கள். எனக்கு அன்று அவரோடு சேர்த்து என் தலைச்சன் மகளும் போய்விடாமல் இருந்தது மட்டும்தான் பெரிதாகப் பட்டது. அந்த மத்தியானம் அவரை எழுந்து போகவிட்டிருந்தால் போயிருப்பாள். கொட்டாவி விட்ட அந்த முகத்தைத் தெரிந்தவள் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான்.