பால் குடிக்கச் சொன்ன பாடப் புத்தகம்

தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகளால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லாத் தொல்லையும் அவர்களைப் பெற்றவர்களால்தான். சக வாத்தியார்களே, நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே, கேளுங்கள். ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதாவது, பட்டையைச் சீவிப் பால் இறக்கும் வேலை. கையெழுத்து அழகாக இருந்ததால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னை வாத்தியாராக்கினார். பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவேன், நீ மறுபடி கத்தியை எடுக்க வேண்டியதுதான் என்று அன்றே சொல்லிவிட்டார்.

பால் குடி

சென்னையிலிருந்து கப்பலில் வந்த புத்தகம். முதல் பாடம்: ‘பால் வெள்ளை. தினமும் பால் குடி.’ இளம் ரப்பர்ச் செடிகளைத் தின்றுவிடும் என்று துரை தோட்டத்தில் மாடே வளர்க்க விட்டதில்லை. என் பிள்ளைகள் பார்த்த வெள்ளைப் பால் ரப்பர் பால்தான்.

மறுநாள் முனியம்மா பால் வாளியோடு நேரே வகுப்புக்குள் வந்துவிட்டாள். அவள் மகன் மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தை எடுத்து வாயில் கவிழ்க்கப் போனானாம்.

“சேலையில பட்டாலே ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது, இதக் குடிக்கச் சொல்றீங்களே! ஒங்களத் தஞ்சோங் ரம்புத்தான் பயித்திய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்!”

மரத்தை வெட்டாதே

சரி, பால் வேண்டாம் என்று அடுத்த பாடத்துக்குத் தாவினேன். ‘மரத்தை வெட்டாதே. மரம் நிழல் தரும்.’ பிள்ளைகள் அதைக் கூரை அதிரத் திருப்பிக் கத்தினார்கள். வெளியே போன, வேலையாட்களை மேய்க்கும் கங்காணி சின்னசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“வாத்தியாரே, வேல நிறுத்தமா சொல்லிக் குடுக்குறீங்க? தொர காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் ஊருக்கே கப்பல் ஏத்திடுவாரு!”

டின் பால்

மறுநாள் பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை; பெஞ்சில் இரண்டே பேர். இரண்டும் நான் பெற்றவை. திங்கட்கிழமை துரை தலை எண்ண வருகிறார் என்று தகவல் வேறு.

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் நின்று புத்தகம் முழுவதையும் உரக்கப் படித்தேன். பெற்றோர்கள் திருத்தினார்கள். ‘வெட்டாதே’ என்பதைக் கங்காணி ‘சாய்க்காதே’ ஆக்கினார். கடையில் விற்கும் டின் பால்தான் குடிக்கிற பால் என்று, பால் வரும் இடமெல்லாம் முன்னால் ‘டின்’ போடச் சொன்னாள் முனியம்மா. “பசு டின் பால் தரும் என்று ஆகிவிடுமே!” என்று அலறினேன்.

“தரட்டுமே வாத்தியாரே. டின்னு மேல பசுமாட்டுப் படந்தானே போட்டிருக்கான்?”

துரை கேட்ட கேள்வி

திங்களன்று பெஞ்சு நிறைந்துவிட்டது. வாசலில் பெற்றோர்கள் காவல். துரை புத்தகத்தைப் பார்த்து, தம் தமிழில் கேட்டார்: “பசு என்ன குடுக்குது?”

“டின் பால், தொரே!”

துரை புருவத்தைத் தூக்கினார். “மரம் என்ன குடுக்குது?”

நிழல் என்று சொல்லுங்களடா என்று மனதுக்குள் கும்பிட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில், “பால், தொரே!”

துரை சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. அதை எடுத்துத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“இந்த புக் எழுதின ஆளு நம்ம தோட்டம் பாத்தது இல்லே. இஸ்கூல் இருக்கட்டும்!”

அன்று முதல் எந்தப் பாடமானாலும் குழாயடியில் முனியம்மாவிடம் ஒப்பித்துத் தேறிய பிறகுதான் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன்.