முபாறக் சேரின் சைக்கிள் பிரேக்

செய்தி வந்தபோது நான் கல்முனைச் சந்தையில் மீன்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தொலைபேசியில் அனீஸ், முபாறக் சேரின் மனைவியுடைய தம்பி. "சேர், மச்சான் மவுத்தாகிட்டார்" என்றார். மீன்காரர் வெட்டித் துப்புரவாக்கிய பாரைத் துண்டுகளைப் பையில் போட்டு என் பக்கம் நீட்டியபடி இருந்தார். "என்ன சேர், வேணாமா?" என்று அவர் கேட்ட பிறகுதான் கையை நீட்டினேன். வீட்டுக்குப் போகவில்லை. அந்த மீனோடேயே மருதமுனைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜனாஸா வீட்டு வாசலில் யாரோ என் கையிலிருந்து பையை வாங்கினார்கள். யாரென்று இன்னும் எனக்குத் தெரியாது.

எதிர்பார்த்த மரணம்தான். பல மாதங்களாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படி எதிர்பார்த்ததால் அன்று காலை எனக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லை.

அவரிடம் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது? அந்தக் குரலை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். மேல்மாடி வகுப்பில் அவர் ஏசினால் கீழே அதிபரின் அறைவரை கேட்கும். நெம்புகோல் பாடம் நடத்த வேண்டிய நாளில் தன்னுடைய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே மாடிப்படி ஏறியவர் அவர். பின்னால் பிடித்துக்கொள்ளப் போன என்னைப் பார்த்து, "உடு மச்சான், சைக்கிள் என்ன மையத்தா நாலு பேர் சேர்ந்து தூக்க?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே காலத்தில் நியமனம் பெற்று சாய்ந்தமருதுப் பாடசாலைக்கு வந்தோம். அவருக்குப் பௌதிகவியல், எனக்குத் தொழில்நுட்பம். யாரிடமும் உதவி கேட்காத மனிதர். கேட்காமலே செய்தால் கோபம் வேறு வரும்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் சைக்கிளுக்குத் திரும்பினோம். அவர் மருதமுனையிலிருந்து வருவார், நான் கல்முனைக்குடியில் சேர்ந்துகொள்வேன். அவருடையது கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிள். கைப்பிடியை இழுத்தால் இரும்புக் கம்பிகள் அசைந்து, இரண்டு றப்பர் கட்டைகளை மேலே இழுத்து றிம்மின் உட்பக்கத்தில் அழுத்தும். உறுதியான பிரேக், ஆனால் கைக்குப் பலம் வேண்டும். ஒரு நாள் பாடசாலை வாசலில் இறங்கியதும், "இந்த பிரேக் கல்லு மாதிரி இறுகிட்டு மச்சான். கொஞ்சம் பாரு" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். சுகமாக வந்தது. கம்பிகளில் துருவில்லை, எங்கும் சிக்கவுமில்லை. விட்டேன், மறுபடி இழுத்தேன். நிமிர்ந்தபோது அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு லேசா வருது, என்ன?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அதன் பிறகு அவரும் மனைவியும் கண்டிக்குப் போனார்கள். நரம்பு வைத்தியர் பரிசோதனைகளைச் செய்துவிட்டு, தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் இது, நிறுத்த மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்த முபாறக் சேர் ஆசிரியர் அறைக்குப் போகாமல் நேரே என் பட்டறைக்கு வந்தார். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நேர அட்டவணையை வாசிப்பதுபோல் சொன்னார்.

"கை, கால், பேச்சு, மூச்சு. இந்த ஒழுங்குலதான் போகணும் எண்டு இல்லியாம். ஆனா எல்லாம் போகுமாம்."

அவரே தொடர்ந்தார். "வருத்தத்துக்கு ஒன்னால ஒண்டும் செய்ய ஏலாது. எனக்கும் ஏலாது. நீ பிரேக்கைச் செய்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கம்பி பிரேக்கைக் கழற்றி எடுத்தோம். றிம்மின் இருபுறமும் நீளமான இரண்டு கைகள் நிற்கும் கேபிள் பிரேக்கைப் பொருத்தினோம். அந்தக் கைகள் நீளமாக இருப்பதால் குறைந்த பலத்தில் கூடிய அழுத்தம் கிடைக்கும். ஆனால் கைப்பிடியைக் கூடிய தூரம் இழுக்க வேண்டும். அவருடைய விரல்கள் அவ்வளவு தூரம் மடங்க மறுத்தன. "பெலத்தைக் குறைச்சா தூரம் கூடும். ரெண்டையும் ஒண்டாக் குறைக்கிறத்துக்கு அல்லாஹ் சட்டம் வைக்கல்ல" என்றார். வகுப்பில் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

ஆகவே கட்டைகளை றிம்முக்கு மிக நெருக்கமாக வைத்தோம். அப்படி வைத்தால் சில்லில் சிறிய கோணல் இருந்தாலும் உரசும். நான் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் கோணல் எடுத்தேன். கைப்பிடிக்குள் இருக்கும் சின்னத் திருகாணியைத் திருகி, பிடியை விரல்களுக்கு எட்டும்படி உள்ளே கொண்டுவந்தேன். கட்டைகளைப் பின்னால் தள்ளும் சுருள்வில்லை, திரும்பி வருவதற்கு மட்டும் பலம் மிஞ்சும்படி தளர்த்தினேன். இடது கை முற்றாக ஓய்ந்தபோது இரண்டு கேபிள்களையும் வலப்பக்கத்து ஒரே பிடிக்குக் கொண்டுவந்து, பின் சில்லு ஒரு கணம் முந்திப் பிடிக்கும்படி வைத்தோம். முன் சில்லு முந்தினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

அவர் ஓடிப் பார்த்துவிட்டு வருவார். "நல்லாரிக்கி" என்பார். சில வாரங்கள் போகும். பட்டறை வாசலில் சைக்கிளோடு நிற்பார்.

"மறுகாவும் இறுகிட்டு மச்சான்."

பிரேக் இறுகவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்வார், நானும் ஸ்பேனரை எடுப்பேன். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு முடிவு இருக்கிறது. அதற்கு மேல் திருகினால் கழன்று கையோடு வந்துவிடும். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நாங்கள் தொட்டுக்கொண்டு வந்தோம்.

மாரி மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, கல்முனைக்குடிக் கடைத்தெருவில் எங்களுக்கு முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. நான் நின்றுவிட்டேன். அவர் பிடியை இழுத்தார், றிம் நனைந்திருந்தது, சைக்கிள் நிற்கவில்லை. பஸ்ஸைத் தவிர்க்க ஓரமாகத் திருப்பினார். அங்கே கீரையும் வெண்டிக்காயும் பரப்பி வைத்திருந்த ஒரு பெண்ணின் சாக்கின்மேல் ஏறி விழுந்தார்.

அந்தப் பெண் எழுந்து நின்று ஏசத் தொடங்கினாள். "கண்ணு தெரியல்லியா? படிச்ச ஆக்கள் மாதிரி உடுத்திட்டு வந்து..." என்று நல்ல சத்தமாகத்தான் ஏசினாள். அவர் எழும்ப முயன்றார். ஊன்றிய கை மடிந்து மறுபடி சாய்ந்தார். மெலிந்து வளைந்த அந்த விரல்களை அவள் அப்போதுதான் பார்த்தாள். ஏச்சு பாதியில் நின்றுவிட்டது. "அல்லாஹ்வே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு, குனிந்து அவருடைய செருப்பைத் தேடி எடுத்துக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாடசாலைவரை சைக்கிள்களை உருட்டிக்கொண்டே நடந்தோம். முழங்கையில் இரத்தம் கசிந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. பாடசாலை வாசல் வந்ததும், "ஏசிட்டுத்தானே இருந்தா" என்றார். "கையைக் கண்ட உடனே நிப்பாட்டிட்டா மச்சான்." அவருடைய குரல் அப்படி இறங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கைப்பிடியே வேண்டாத பிரேக் ஒன்றைத் தேடினேன். வெளிநாட்டுப் பழைய சைக்கிள்கள் விற்கும் ஒரு கடையில், அக்கரைப்பற்றில், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கும் சைக்கிள் ஒன்று கிடைத்தது. பிரேக் முழுவதும் பின்சில்லின் நடுக் குடத்துக்குள்ளேயே இருக்கும். மழை படாது, கேபிள் கிடையாது. கைகள் ஹேண்டிலின்மேல் சும்மா கிடந்தால் போதும்.

அந்த மாதங்களைச் சந்தோசமான மாதங்கள் என்றே சொல்வேன். பிரதான வீதியை விட்டுவிட்டுக் கடற்கரை வீதியில் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு ஓடுவார். முன்னால் கொஞ்சத் தூரம் வேகமாகப் போவார், பின்பக்கம் மிதிப்பார், சைக்கிள் நிற்கும், என்னைத் திரும்பிப் பார்ப்பார். பாடசாலைக்கு வருவதை நிறுத்தியிருந்த காலம் அது. சோக்குக்கட்டி பிடிக்க முடியவில்லை. அவருடைய மனைவி றிஸ்வியா வாசலில் நின்று, "சின்னப் பிள்ளைகள் மாதிரி ரெண்டு பேரும்" என்று ஏசுவார். அந்த ஏச்சு அவருக்குப் பிடிக்கும்.

பிறகு கால். மருதமுனைக் கடற்கரையில் ஒரு பின்னேரம், தோணி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வீதியைக் கடக்க, அவர் நிறுத்தப் பார்த்தார். பெடல் பின்னுக்குப் போகவில்லை. போதிய பலத்தோடு கால் மிதிக்கவில்லை என்பதுதான் சரி. யோசிக்காமல் மணலுக்குள் திருப்பினார். முன்சில்லு புதைந்து, சைக்கிள் சாய்ந்து, அவர் மல்லாந்து கிடந்தார். மீனவர்கள் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தார்கள். நான் சைக்கிளை நிமிர்த்தினேன். குடத்தைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் இரும்புக் கை இறுக்கமாகவே இருந்தது. சங்கிலி சரி. எல்லாம் சரியாக இருந்தது.

"இதுல திருக என்ன இரிக்கி?" என்று கேட்டார். அப்போதே அவருடைய சொற்கள் குழையத் தொடங்கியிருந்தன.

"ஒண்டுமில்ல" என்றேன்.

"வேற வழி?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். மணலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் ஓட்டினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பொறுமை அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று. இல்லையென்று நான் தலையை ஆட்டினேன். "சரி" என்றார். அன்று மீனவர் ஒருவருடைய ஓட்டோவில் வீட்டுக்குப் போனோம். உதவியை மறுக்காமல் அவர் ஏற்றுக்கொண்டதை நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு கட்டில்தான். நான் அசர் தொழுதுவிட்டுப் போவேன். போனால் சும்மா இருக்க முடியாது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவேன், மின்விசிறியின் திசையை மாற்றுவேன், யன்னல் கொக்கியைச் சரிபார்ப்பேன். ஒரு நாள் அவர் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார். என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் றிஸ்வியாதான் காதைக் கொடுத்துக் கேட்டுச் சொன்னார். "காக்கா, ஒங்களைச் சும்மா வந்து இரிக்கட்டாம். ஒண்டும் செய்ய வேணாமாம்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல குரல் படைத்த ஒரு மனிதர் சுவாசிப்பதற்குப் பாடுபடுவதைக் கேட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்தபடி அங்கே இருப்பது எனக்குத் தெரிந்த எந்த வேலையைவிடவும் கடினமாக இருந்தது. பல நாட்கள் இருந்தேன். ஒன்றையும் என்னால் மாற்ற முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு சைக்கிளை எடுத்துக்கொள்ளும்படி றிஸ்வியா சொன்னார். நான் எடுக்கவில்லை. அனீஸின் மகள் அதில் வகுப்புக்குப் போகிறாள். வீதியில் அவள் நின்று நிதானித்துப் போவதைக் காணும்போது நல்லதென்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது வேறொன்று. கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம் அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் நெஞ்சின்மேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். மூச்சுக்கு அது தடையாக இருந்தது, எடுக்கச் சொல்கிறார் என்று விளங்கியது. இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். தசையெல்லாம் வற்றிய கை, இலேசாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தன் பங்குக்கு ஒரு துளியும் தூக்கிக் கொடுக்காத கை நல்ல பாரமாக இருக்கிறது. பெருநாள் தொழுகை முடிந்து என்னோடு கைகுலுக்கி முஸாபஹா செய்யும்போது எலும்பு நோகும்படி அழுத்துகிற கை அது. அந்தப் பாரத்தை நான் வைத்திருக்கிறேன். அல்லாஹ் அவர் அடங்கியிருக்கும் கப்றை விசாலமாக்கி வைப்பானாக.